நொச்சி வேலியின் அடிப்பக்கம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: வீட்டுக்காரப் பெரியவர், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவி, என்னோடு குழி வெட்ட வரும் கன்னியம்மா, நான். நான்கு பேர். வெகுநாள் வரைக்கும் இப்படித்தான் சொல்லிவந்தேன். வெளியே ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. அதில் ஒன்றில் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு ஒருவன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனையும் சேர்த்தால் ஐந்து. வேலிக்கு இடம் பார்க்கப் போகிறவன் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளையும் எண்ண வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உங்களில் சிலர் செடிகளைப் பற்றியே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எந்தச் செடிக்கு எவ்வளவு உரம், எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நான் தொடவில்லை. என்னிடம் இருப்பது கவலைப்பட்டுக் கற்றுக்கொண்டது மட்டும். குழி வெட்டினால் கீழே தண்ணீர்க் குழாய் இருக்குமோ, நட்டது பட்டுப்போனால் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது, பூட்டிய கதவு பூட்டித்தான் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற ஆள் நான். "அண்ணன் பயத்துலயே பாதி செடி வாடிடுது" என்பாள் கன்னியம்மா.

தொண்ணூறுகளின் கடைசி. திருவொற்றியூரில் எண்ணூருக்குப் போகிற பெரிய சாலை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வீடுகள். நடுவில் கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள், துறைமுகக் கேட் எப்போது திறக்கும் என்று மணிக்கணக்காக, சில சமயம் ராப்பகலாக நிற்கும். அப்படி நின்ற வண்டிகளில் ஒன்று பின்னால் வரும்போது இடித்து, பெரியவர் வீட்டுச் சுற்றுச்சுவர் மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. ரோட்டை அகலப்படுத்துவதற்காக அளவெடுத்துக் குறி போட்டிருந்ததால் அந்த இடத்தில் புதுச் சுவர் எழுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் செடியால் வேலி வேண்டுமென்று என்னைத் தேடி வந்தார்.

பெரியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். வேலை செய்த காலம் முழுவதும் கப்பலையும் ஆளையும் மேலேயிருந்தே பார்த்தவர், பேச்சும் அப்படித்தான் மேலேயிருந்து இறங்கும்.

"எது சீக்கிரம் வளரும், அத வெய்யி" என்றார்.

நான் மருதாணி என்றேன். அடியிலிருந்து நெருக்கமாக வரும், உப்புக் காற்றைத் தாங்கும், வெட்ட வெட்டச் சுவர் மாதிரி நிற்கும். ஆனால் பொறுமை வேண்டும். எத்தனை நாள் என்றார். மூன்று மழையாவது பார்க்க வேண்டும் என்றேன். அதுவரைக்கும் தாங்காது என்று கையை ஆட்டிவிட்டார். அந்தக் காலத்தில் கம்பெனி வாசல்களில் எல்லாம் மஞ்சள் இலை டுரண்டா வைத்துக்கொண்டிருந்தார்கள். அது இந்தக் கடல் காற்றில் கருகும். சவுக்கு வேகமாக வரும், ஆனால் ஊசி இலை வழியாக அந்தப் பக்கம் தெரியும். அரளியும் வேகம்தான். தெருவில் ஆடு, குழந்தைகள், அதன் விஷத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. சுற்றிச் சுற்றி நொச்சியில் வந்து நின்றேன். குச்சியை நட்டால் வேர் பிடிக்கும். ஆடு வாய் வைக்காது. இரண்டு வரிசையாக, ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று வருகிற மாதிரி நட்டால் இரண்டாவது மழைக்குள் ஆள் உயரத்துக்கு மேலே போய்விடும்.

"தெரியக் கூடாது. அவ்ளோதான்" என்றார் பெரியவர்.

இந்த இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. வேலி கேட்டு வருகிறவர்கள் தூசி வருகிறது என்பார்கள், ஆடு நுழைகிறது என்பார்கள், திருட்டுப் பயம் என்பார்கள். இவர் தெரியக் கூடாது என்றார். என்ன தெரியக் கூடாது, யாருக்குத் தெரியக் கூடாது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எனக்கோ அந்த மண் உப்பா இல்லையா என்ற கவலை. கிணற்று நீரைக் கையில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசிய கூலியில் பாதியை அன்றே கொடுத்தார். மீதி, வேலி மறைத்த பிறகு என்று பேச்சு.

நொச்சி நன்றாகப் பிடித்தது. தளிரைக் கிள்ளிக் கசக்கினால் வருகிற அந்தக் காரமான வாசனை, டீசல் புகையையும் தாண்டி மூக்கில் ஏறும். இப்போது நான் மகள் வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறேன். இங்கே மண் என்பது ஒரு பிளாஸ்டிக் தொட்டி அளவுதான். சில சமயம் காரணமில்லாமல் அந்த வாசனை வந்தமாதிரி இருக்கும். எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுவிட்டு வருவேன்.

செடி முழங்காலைத் தாண்டியதும் கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். வேகமாக ஓடுகிற செடியை முதலில் ஒருமுறை நுனியைத் தட்டி நிறுத்த வேண்டும். தட்டினால் அடியிலிருந்து பக்கக் கிளைகள் கிளம்பும். தட்டாமல் விட்டால் மேலே மேலே போய், தலை மட்டும் அடர்ந்து கீழே வெறும் காலாக நிற்கும். ஒரு செடியைத் தட்டியிருப்பேன், பெரியவர் படியிறங்கி ஓடி வந்தார்.

"இன்னாய்யா பண்ற? காசு குடுத்து வளத்தத வெட்டறியே."

வெட்டாவிட்டால் அடி மொட்டையாகிவிடும் என்று சொன்னேன். இரண்டு மாதம் தள்ளிப் போனாலும் பிறகு கெட்டியாக வரும் என்றேன். அவர் தன் கையை நெற்றிக்கு நேராக வைத்துக் காட்டினார். "எனுக்கு இங்க மறைக்கணும். கீழ இன்னா கீது, நாயும் பூனையும் பாத்துட்டுப் போவுட்டும்." கத்தரியை என் கையிலிருந்து வாங்கி ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, மடக்கித் தந்தார். அன்றைக்குப் பென்ஷன் நாள். சட்டையை மாட்டிக்கொண்டு பேங்குக்குக் கிளம்பிவிட்டார்.

நான் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

அந்த அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழைய காலத்து வீடு, ஜன்னல் முழங்கால் உயரத்திலேயே தொடங்கும். கட்டிலும் தாழ்வானது. அதுவரைக்கும் அந்த அம்மாவிடம் நான் பேசியது, தண்ணீர் கேட்டதும் வாங்கிக் குடித்ததும்தான்.

"அடி மொட்டையாப் பூடும்னு சொன்னியே நைனா, நெஜமா?"

அந்த அம்மாவும் வேலி கெட்டுப்போகும் என்று கவலைப்படுகிறார் என நினைத்துவிட்டேன். பயப்பட வேண்டாம், ஐயாவிடம் இன்னொரு தரம் பேசிச் சம்மதிக்க வைக்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

"பேசாத" என்றார். "அவுரு சொன்னமாரியே வுட்டுடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்போல. "அங்கயே குந்து. என் தலகாணி ஒசரத்துக்குக் குந்து. இப்ப ரோட்டப் பாரு" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே சுவரோடு ஒட்டிக் குந்தினேன். நொச்சிக் குச்சிகளுக்கு நடுவில் ரோடு தெரிந்தது. நின்றிருந்த வண்டிகளின் சக்கரங்கள், பம்பர், வண்டிக்குக் கீழே நிழலில் படுத்திருந்த ஒரு கிளீனரின் கால்கள். அங்கே குந்தியபடிதான் மீதியைக் கேட்டேன்.

அவர்களுக்கு ஒரே மகன். வண்ணாரப்பேட்டையில் ஒரு பெண்ணை வீட்டில் சொல்லாமல் கட்டிக்கொண்டான். நான் உயிரோடு இருக்கும்வரை இந்தப் படி ஏறாதே என்றார் பெரியவர். அவனும் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, ஏறவில்லை. எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று தெரியாமல் வருடங்கள் போயின. அப்புறம் அந்தச் சுவர் விழுந்தது. சுவர் விழுந்த மறுவாரம், வரிசையில் நின்ற ஒரு டிரெய்லரில் ஓட்டுகிற இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். இளைத்து, மீசை வைத்துக்கொண்டு. அன்றிலிருந்து துறைமுகக் கேட் அடைத்து வண்டி நகராத நாள்தான் அந்த அம்மாவுக்கு நல்ல நாள். அவன் ஹாரனை ஒரே ஒரு தரம் தொடுவான். அந்த அம்மா கையைக்கூடத் தூக்குவதில்லை. உள்ளே பெரியவர் இருப்பாரே.

அவருக்கும் அது தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக என்னைத் தேடி வந்துவிட்டார்.

"மூஞ்சி தெரியலன்னா போவுது. வண்டிச் சக்கரம் தெரிஞ்சாலும் போதும் நைனா. அவன் வண்டிக்குப் பச்ச சக்கரம், நா கண்டுக்குவேன்" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு இதே கவலைதான். ஊரே போகிற ரோடு. தொழிற்சாலைக்காரர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போவார்கள். அடி மொட்டையான வேலியைப் பார்த்துவிட்டு இதை நட்டவன் எவன் என்று கேட்டால் நாளைக்கு எவன் வேலை தருவான்? பெரியவர் கண்டுபிடித்தால் மீதிப் பணம் வருமா? பணம் போகட்டும், ஒரு வீட்டுக்குள் நடக்கிறதில் தோட்டக்காரன் மூக்கை நுழைக்கலாமா? இதையெல்லாம் கன்னியம்மாவிடம் கொட்டினேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வெட்டாதன்னு அவரும் சொல்லிட்டாரு, வெட்டாதன்னு அந்தம்மாவும் சொல்லிடுச்சி. அப்புறம் யாருக்கு வெட்ட இந்தக் கத்தரிய தூக்கினு திரியற?" என்றாள்.

கத்தரியைச் சாக்கில் சுற்றி வைத்தேன்.

அடுத்த மழையில் நொச்சி கூரையோடு போட்டி போட்டது. ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சைச் சுவர். பெரியவர் வாசலில் நின்று நெற்றிக்கு நேராகக் கையை வைத்துப் பார்த்துக்கொள்வார், திருப்திதான். கீழே, நான் சொன்னது போலவே, முழங்காலுக்கு மேல் வரை வெறும் குச்சி.

ஒருநாள் எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். பச்சைச் சக்கர வண்டி வரிசையில் வந்து நின்றது. அவன் இறங்கி வந்து டீ வாங்கினான். டீயைக் குடிக்காமல் வேலியையே பார்த்தான். கடைக்காரர் சும்மா இருக்காமல் என்னைக் கைகாட்டிவிட்டார்.

"நீதான் வெச்சியா இத?" என்றான்.

நான்தான் என்று தலையை ஆட்டினேன். அடிப்பான் என்றே நினைத்தேன். அவன் கிளாசை அழுத்திப் பலகையில் வைத்தான். "எங்கம்மா மூஞ்சி தெரில அண்ணாத்த. இன்னா பாவம் பண்ணேன் ஒனுக்கு?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். என் சுபாவத்துக்கு அதுதான் சரி. எங்கிருந்து வந்த தைரியமோ, "நீ மேல ஒக்காந்து பாத்தா தெரியாதுப்பா. கீழ குனிஞ்சு பாரு. அங்கேர்ந்து ஒன் சக்கரம் தெரியுது அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டேன்.

டயர்க்காற்றைத் தட்டிப் பார்க்கிற இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போனான். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினான். ஒரு தட்டு தட்டினான். அதற்கப்புறம் கம்பி அசையவே இல்லை. முன்னால் நின்ற வண்டி நகர்ந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து, ஒருவன் இறங்கி வந்து ஏசிய பிறகுதான் எழுந்தான்.

லாரிக்காரர்கள் கண் திருஷ்டிக்குப் பழைய செருப்பை வண்டியில் கட்டித் தொங்கவிடுவது உங்களுக்குத் தெரியும். அடுத்த தரம் அந்த வண்டி வந்தபோது பம்பருக்குக் கீழே, வீட்டுப் பக்கமாக, ஒரு செருப்பு தொங்கியது. என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு.

அடுத்த முறை களை எடுக்கப் போனபோது அந்த அம்மா என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். பெரியவர் பின்கட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, "பொண்ணு" என்றார். "செருப்புல பூ போட்டுகீது. பொண்ணுதான்." பேத்தி பிறந்த செய்தி அந்த அம்மாவுக்கு அப்படித்தான் வந்தது.

அப்புறம் அந்தச் செருப்பு மாறும். பூப்போட்டது போய்ச் சிவப்பு வந்தது. சிவப்புக்கு அடுத்து, வார் அறுந்த நீலம். குழந்தைக்குச் சின்னதாகிப்போனதைக் கொண்டுவந்து கட்டுவான். ஒவ்வொரு தரமும் அந்த அம்மா கட்டில் விளிம்பில் விரலை வைத்து அளந்து, கால் இவ்வளவு வளர்ந்துவிட்டது என்று எனக்குக் காட்டுவார். பார்க்கவும் தொடவும் முடியாத ஒரு காலை அப்படி அளந்த கை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. ஓடிப்போய் அந்த வண்டியை நிறுத்தி, குழந்தையை ஒருநாள் கூட்டிவாடா என்று கேட்கலாமா என்று எத்தனையோ தரம் நினைத்தேன். அதைக் கேட்க நான் யார் என்ற கவலையில் கேட்காமலே விட்டேன்.

ஒரு நாள் பெரியவரின் மூக்குக் கண்ணாடி நழுவி வேலியோரம் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். நிமிர்ந்ததும் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"அடி மொத்தம் தொறந்து கீது."

"அன்னிக்கே சொன்னனே ஐயா."

"சொன்ன. இப்ப அட."

வேலியின் காலை மறைக்க வழி இல்லாமலில்லை. முன்னால் ஆடாதோடைக் குச்சி நெருக்கமாக ஊன்றினால் ஒரு மழையில் அடைந்துவிடும். அது என் நாக்கு நுனியில் இருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்தேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நொச்சி நிழலில் எதை வைத்தாலும் வராது ஐயா என்றேன். வேலை சம்பந்தமாக நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். பெரியவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அடியை அடைத்துக் கொடுத்தால்தான் மீதிப் பணம் என்றார். சரி ஐயா என்று வந்துவிட்டேன். கன்னியம்மாவுக்குச் சேர வேண்டியதை என் கையிலிருந்து கொடுத்தேன். அவள் முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மழைக்குப் பிறகு அந்த அம்மா இறந்துபோனார். எனக்குச் செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது. மகன் வந்தானாம், தோள் கொடுத்தானாம். மனைவியையும் குழந்தையையும் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்தானாம். அப்பனும் பிள்ளையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்றார் டீக்கடைக்காரர்.

துக்கம் விசாரிக்கப் போனேன். போகும்போது ஒரு கட்டு ஆடாதோடைக் குச்சியை எடுத்துக்கொண்டேன். பார்க்க வேண்டியவர் போய்விட்டார், இனி அந்த வேலி எனக்கு ஒரு குறையாகத்தான் நிற்கும், அடைத்துக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம். உங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

வாசலில் யாரும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தத் தாழ்வான கட்டிலில், அவ்வளவு உயரமான மனிதர் காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலை அந்த அம்மாவின் தலையணையில் இருந்தது. கண் ரோட்டில். வண்டிகள் நின்றிருந்தன. பச்சைச் சக்கரம் இருக்கிறதா என்று நானும் தேடினேன், இருந்தது.

நான் நிற்பது தெரிந்தும் அவர் எழவில்லை.

"இப்ப கறுப்பு ஷூ கட்டிக்கீறான்" என்றார். "இஸ்கூல் ஷூ."

கையில் இருந்த கட்டைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் கண் அதன் மேல் விழுந்தது.

"இன்னா அது?"

"ஆடாதோட ஐயா. அடிய அடச்சிக் குடுத்துடலாம்னு."

"நெழல்ல வராதுன்னு சொன்ன."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே ஒரு ஹாரன், ஒரே ஒரு தரம். அவர் கண் திரும்ப ரோட்டுக்குப் போனது.

"எடுத்துனு போ" என்றார். "அடச்சிட்டன்னா நா காசு குடுக்கணும். குடுக்கறதா இல்ல."

குச்சிக்கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் அடிக்கடி வேலை இருந்தது. போகும்போதெல்லாம் வேலியைப் பார்ப்பேன். மேலே அடர்ந்து, கீழே வெறுங்காலோடு, என் கையால் நட்டதிலேயே பார்க்கச் சகிக்காத வேலி. ஒருவரும் அதன் நுனியைத் தட்டவில்லை.

செடியைத் தேர்ந்தெடுக்கும் முன்பு வீட்டுக்காரர் நிற்கிற இடத்தில் நின்று பாருங்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் படுத்திருக்கிறவர், உட்கார்ந்திருக்கிறவர் இருக்கும் இடத்திலும் குந்திப் பாருங்கள். ரோட்டுக்குப் போய்த் திரும்பியும் ஒரு தரம் பாருங்கள். எது வேகமாக வளரும் என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.

வேலி இன்னும் அடைபடவில்லை. வர வேண்டிய பாக்கி அறுநூற்று ஐம்பது ரூபாய்.